தீர்ப்பின் பின்பாதி

ஊரில் அவரை எல்லோரும் மைக் செட் என்றுதான் கூப்பிடுவார்கள். "மைக் செட் வந்தாச்சா?" என்று யாராவது கேட்டால், கேட்பது பெட்டிகளையா ஆளையா என்று தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. ஒலிபெருக்கிக் குழாய்களும், ஆம்ப்ளிஃபயரும், மூட்டை மூட்டையாக ஒயரும், அவற்றின் மேல் உட்கார்ந்தபடி அவரும் ஒரே வண்டியில்தான் வந்து இறங்குவார்கள்.

கல்யாணம், கடைத் திறப்பு, பள்ளி ஆண்டு விழா எல்லாவற்றுக்கும் அவர்தான். தேர்தல் வந்தால் குடைக் கட்சிக்கும் அவர்தான், விளக்குக் கட்சிக்கும் அவர்தான். காலையில் குடைக்காரர் வந்து விளக்கைக் கிழி கிழியென்று கிழிப்பார். மாலையில் அதே மைக்கைப் பிடித்து விளக்குக்காரர் குடையைக் கிழிப்பார். "உங்களுக்கு எந்தக் கட்சிண்ணே?" என்று கேட்டால், "கரண்ட் கட்சி. அது இருந்தா நான் இருப்பேன்" என்று சொல்லிவிட்டு ஒயரைச் சீவப் போய்விடுவார்.

தொழிலில் அவர் தனக்கென்று வைத்திருந்த சட்டம் ஒன்றே ஒன்று. மைக்கில் தன் வாய் பேசக் கூடாது. "ஹலோ, டெஸ்டிங்" என்பதோடு சரி. பேசுவதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள், திட்டும் வாங்குவார்கள், கைதட்டும் வாங்குவார்கள். நமக்கு இரண்டும் வேண்டாம் என்பது அவர் கணக்கு.

சட்டத்தோடு ஒரு பழக்கமும் இருந்தது. கூட்டம் ஆரவாரம் செய்தால் அந்தச் சத்தம் மைக்குக்குள் புகும், குழாய் வழியாகப் பெரிதாகி வெளியே வரும், வந்தது மறுபடியும் மைக்குக்குள் புகும். கடைசியில் காதைக் கிழிக்கும் ஒரு கீச்சாக முடியும். கூட்டத்தில் கீச் கேட்டால் மைக் செட்டுக்கு அது மானக்கேடு. அதனால் ஆரவாரம் கிளம்பிய உடனே குமிழைத் திருகிச் சத்தத்தைக் குறைத்துவிடுவார், அடங்கியதும் ஏற்றுவார். யோசித்துச் செய்வதில்லை. தூசி பறந்து வந்தால் இமை மூடிக்கொள்கிற மாதிரி, கை தானாகப் போய்விடும்.

அவருடைய தங்கையைக் கட்டியவர் தையல்காரர். கட்டுவதற்கு முன்பே அவரும் மைக் செட்டும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள் என்பதால், மச்சான் மாப்பிள்ளை ஆன பிறகும் வாடா போடாவை மட்டும்தான் விட்டார்கள். வா போ அப்படியே இருந்தது. தையல்காரர் பக்கா விளக்குக் கட்சி. கடை வாசலில் கொடி, சட்டைப் பையில் அட்டை, வாயைத் திறந்தால் தலைவர். துணிக்கடைத் தெருவில் கண்ணாடிக் கதவு போட்ட அவர் கடையில் குடைக் கட்சிக்காரர்களும் சட்டை தைக்க வருவார்கள். வெட்டு அப்படி. "அளவெடுக்கும்போது கழுத்தை நெரிச்சிடாதய்யா" என்பார்கள். "தேர்தல் முடியட்டும்" என்பார் இவர்.

எந்தக் கூட்டம் முடிந்தாலும், அது எதிர்க்கட்சிக் கூட்டமாக இருந்தாலும், தையல்காரர் வந்து ஒயர் சுற்ற உதவுவார். ஒரு முனையை அவர் இழுத்துப் பிடிக்க, மறுமுனையை மைக் செட் முழங்கையில் வளையம் வளையமாகச் சுற்றுவார். அன்றைக்கு மேடையில் யார் என்ன உளறினார்கள் என்று இருவரும் சிரித்து முடிக்கவும் ஒயர் முடியவும் சரியாக இருக்கும்.

நகரத் தலைவர் தேர்தலில் விளக்கு ஜெயித்தது. வித்தியாசம் மிகக் குறைவு. சில வாக்குச்சாவடிகளின் ஓட்டுகளை எண்ணியது சரியில்லை, பெட்டிகளின் முத்திரை உடைந்திருந்தது என்று குடைக் கட்சி நீதிமன்றம் போனது. வழக்கு இழுத்தது. அதுவரை ஊரில் இரண்டு தலைவர்கள் இருந்தார்கள்: நாற்காலியில் ஒருவர், சுவரொட்டியில் ஒருவர். சலூனில் ஒரு பக்க நாற்காலிகளில் குடைக்காரர்கள், எதிர்ப்பக்கம் விளக்குக்காரர்கள் என்று தானாகவே பிரிந்துகொண்டது. முடி வெட்டுகிறவர் நடுவில் நின்று கண்ணாடியைப் பார்த்தே பேசினார்.

தீர்ப்பு நாளில் குடைக் கட்சி அலுவலகம் மைக் செட்டை முந்திப் பிடித்துக்கொண்டது. அலுவலகம் மாடியில். கீழே தெரு முழுக்கக் கூட்டம். நீதிபதி வாசிப்பதைத் தொலைக்காட்சியில் நேரலையாகக் காட்டுகிறார்கள், அது தெருவுக்குக் கேட்க வேண்டும் என்றார் செயலாளர். அந்தப் பழைய தொலைக்காட்சியில் ஒயர் சொருக இடமே இல்லை. மைக் செட் அதன் முன்னால் ஒரு மைக்கை நிறுத்தினார். சத்தம் குழாய்களில் கணீரென்று போனது. புது ஆம்ப்ளிஃபயர், வாங்கி அதிக நாள் ஆகவில்லை. செயலாளருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "கோர்ட்டே நம்ம தெருவுல நடக்கற மாதிரி இருக்கு" என்று தோளில் தட்டிவிட்டுக் கீழே போய் லாரியின் மேல் ஏறிக்கொண்டார். அவரோடு எல்லோரும் இறங்கிவிட்டார்கள். மாடி அறையில் மிஞ்சியது தொலைக்காட்சியும் அவரும்தான்.

நீதிபதி பொறுமைசாலி. யார் என்ன வாதாடினார்கள் என்பதையெல்லாம் முதலில் வாசித்தார். கூட்டம் நெளிந்தது. கைப்பேசியில் பார்க்க முயன்றவர்களுக்குத் திரையில் வட்டம்தான் சுற்றியது. அத்தனை பேர் ஒரே தெருவில் நின்றால் நெட் எங்கிருந்து வரும். எல்லோருக்கும் மொத்தமாக இருந்த காது அந்தக் குழாய்கள்தான்.

"சில வாக்குச்சாவடிகளில் முறைகேடுகள் நடந்தன என்ற மனுதாரரின் வாதத்தை இந்த நீதிமன்றம் ஏற்றுக்கொள்கிறது" என்றார் நீதிபதி.

தெரு வெடித்தது. அவர் கை தானாகப் போய்க் குமிழைக் குறைத்தது.

பக்கத்தில் இருந்த தொலைக்காட்சி, அறைக்கு மட்டும் கேட்கிற சத்தத்தில், தொடர்ந்து வாசித்தது. ஆயினும் அவை தேர்தல் முடிவை மாற்றும் அளவுக்கு இல்லை. தேர்தல் செல்லும். மனு தள்ளுபடி செய்யப்படுகிறது.

அவர் ஜன்னலுக்கு வந்தார். கீழே ஒருவரை ஒருவர் தூக்கிச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். வயதானவர் ஒருவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஆடினார். லாரியின் மேலிருந்து செயலாளர் மாடியைப் பார்த்துக் கையை ஆட்டினார். "பாட்டைப் போடுய்யா, பாட்டை."

மைக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எடுத்து ஒரு வரி சொன்னால் போதும். எடுக்கவும் செய்தார். கையில் பிடித்தபடி கூட்டத்தைப் பார்த்தார். இந்த வரியை இவர்களிடம் சொல்லுகிற ஆள் முதலில் அடி வாங்குவான் என்று தோன்றியது. அதற்கும் முன்னால் இன்னொன்று தோன்றியது. மாடிப்படி ஏறி வந்தால் முதலில் உடைபடப் போவது ஆம்ப்ளிஃபயர். யாராவது சொல்லிக்கொள்ளட்டும், பேசுவது நம் வேலை இல்லை, கொஞ்ச நேரம் சந்தோஷமாகத்தான் இருந்துவிட்டுப் போகட்டுமே. மைக்கை வைத்துவிட்டுப் பாட்டைப் போட்டார்.

கூட்டம் ஊர்வலமானது. துணிக்கடைத் தெருப் பக்கம் திரும்பியதை ஜன்னலிலிருந்து பார்த்தார். மாப்பிள்ளை இந்நேரம் கடையைச் சாத்தியிருப்பார் என்று நினைத்தார். அப்படி நினைக்க எந்தக் காரணமும் இல்லை.

அங்கே டீக்கடையில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. விளக்குக் கட்சிக்காரர்கள் அதன் முன்னால் நின்றிருந்தார்கள். பட்டாசும் மேளமுமாக வந்த கூட்டத்தைப் பார்த்து முதலில் அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு ஒருவன் சிரித்தான். "அண்ணே, எதுக்கு ஆடறீங்க? தோத்துட்டீங்க." ஆடிக்கொண்டிருந்தவர்கள் திரையைப் பார்த்தார்கள். எழுத்து ஓடியது: மனு தள்ளுபடி. தோற்றதைக்கூடத் தாங்கியிருப்பார்கள். தோற்றது தெரியாமல் ஆடியதை, அதுவும் எதிரிகள் முன்னால் ஆடியதைத் தாங்க முடியவில்லை. முதல் கல் எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. தையல்காரர் கடைக்குள் ஒரு அம்மாவும் குழந்தையும் அளவு கொடுக்க வந்து நின்றிருந்தார்கள். அவர்களைப் பின்னால் தள்ளிவிட்டு, வலது கையால் கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்தப் போனார். கதவு கையோடு நொறுங்கியது.

தங்கையிடமிருந்து போன் வந்தபோது மைக் செட்டின் குழாய்களில் வெற்றிப் பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

மருத்துவமனைக்கு வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தார். தங்கை வராந்தாவில் நின்றிருந்தாள். சேலையெல்லாம் ரத்தம். அண்ணனைப் பார்த்ததும் அழவில்லை. அவரை மேலும் கீழும் பார்த்தாள். "நீயும் அங்கதான இருந்த? உனக்கு அடி எதுவும் படலையே? உன் சாமானுக்கு ஒண்ணும் ஆகலையே அண்ணா? புது ஆம்ப்ளிஃபயர் வேற."

"ஒண்ணும் ஆகல" என்றார்.

கை பிழைத்தது. ஆனால் உள்ளங்கையில் நரம்பு அறுந்திருந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தொட மறுத்தன. கத்தரிக்கோல் பிடிக்கிற விரல்கள் அவை.

அடுத்த சில நாட்கள் ஊரில் அறிக்கை மழை. குடைத் தலைவர், "தீர்ப்பை மதிக்கிறோம், ஆனால் ஏற்கவில்லை" என்றார். விளக்குத் தலைவர், "நீதி வென்றது" என்றார். தீர்ப்பு மாறி வந்திருந்தால் தாள்களை மாற்றிக்கொண்டு வாசித்திருப்பார்கள், அவ்வளவுதான். கல்லெறிந்தவர்கள் தங்கள் ஆட்களே இல்லை, ஊடுருவியவர்கள் என்றது குடை. மாதக்கணக்கில் தீட்டிய சதி என்றது விளக்கு. சலூனில் இரண்டு தரப்புக்கும் நடுவில் இருந்த நாற்காலியில் யாரும் உட்காரவில்லை.

குடைக் கட்சிச் செயலாளர் ஒருநாள் மைக் செட்டின் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

"டிவி சத்தம் ஏன் பாதியில நின்னுச்சுன்னு மேலிடத்துல குடையறாங்க. போலீஸும் கேக்கும். என்ன ஆச்சு, ஒயர் கழண்டுக்கிச்சா?"

அவர் வாயைத் திறந்தார்.

"கழண்டுக்கிச்சு" என்று செயலாளரே பதிலையும் சொல்லிவிட்டார். "கூட்டத்துல எவனாவது கால் தடுக்கியிருப்பான், நீ பாட்டுப் போடறதுக்குள்ள மாட்டியிருப்ப. யார் மேலயும் தப்பில்ல. நீயும் அப்படியே சொல்லிடு. எல்லாருக்கும் நல்லது."

அவர் தலையாட்டினார். மறுநாள் பத்திரிகையிலும் அப்படியே வந்தது. ஒயர் கழன்றதால் விபரீதம். ஊரே ஒயரைத் திட்டியது. இரண்டு கட்சியும் ஒத்துப்போன ஒரே விஷயம் அந்த ஒயர்தான்.

அதன் பிறகு அவர் தங்கை வீட்டுக்குப் போகாத நாள் இல்லை. ஓடுகிற மின்விசிறியைக் கழற்றி எண்ணெய் விட்டார். நன்றாக இருந்த சுவிட்சையெல்லாம் மாற்றினார். காலையில் போய் மாப்பிள்ளைக்குச் சட்டைப் பித்தான் போட்டுவிட்டார்.

"என்ன அண்ணா, ஏதோ கடன்காரன் மாதிரி தினமும் வந்து நிக்கற" என்றாள் தங்கை.

"வரட்டும் விடு. இவ்வளவு வருஷமா ஒரு சுவிட்சு மாத்திக் கொடுன்னா காதுல வாங்கினதில்ல" என்றார் தையல்காரர். இடது கையால் சாக்கட்டி பிடித்துக் கோடு போடப் பழகிக்கொண்டிருந்தார். கோடு பாம்பாக நெளிந்தது. துணியைத் தூக்கிக் காட்டினார். "பாத்தியா மச்சான்? இதை வெட்டித் தச்சா, போட்டவன் எந்தப் பக்கம் நடக்கறான்னே தெரியாது. கட்சி மாறறவனுக்கு நல்லா இருக்கும்."

தங்கை சிரித்தாள். அவரும் சிரித்தார்.

விளக்குக் கட்சியின் வெற்றிக் கூட்டம் ஒரு மாலையில் நடந்தது. மைக் செட் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. மேடையில் தலைவர்களுக்கு நடுவே தையல்காரரையும் உட்கார வைத்திருந்தார்கள், கட்டுப் போட்ட கை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி. அவரைப் பேசச் சொன்னார்கள். மேடையில் பேசிப் பழக்கமில்லாதவர். மைக்கை இடது கையால் பிடித்தார்.

"எனக்கு யார் மேலயும் கோவம் இல்ல" என்று ஆரம்பித்தார். "தீர்ப்பு முழுசா காதுல விழுந்திருந்தா அவங்க பேசாம வீட்டுக்குப் போயிருப்பாங்க. ஒயர் கழண்டுக்கிச்சு. ஒரு ஒயர் மேல நான் எப்படிங்க கோவப்படறது?"

கூட்டம் சிரித்தது. மேடையோரம் ஆம்ப்ளிஃபயர் முன்னால் உட்கார்ந்திருந்த மைக் செட் தலையைக் குனிந்துகொண்டார்.

"கோர்ட்டு நாம ஜெயிச்சது செல்லும்னு சொல்லிடுச்சு" என்றார் தையல்காரர்.

ஆரவாரம் எழுந்தது. கை தானாகப் போய்க் குமிழைக் குறைத்தது.

தையல்காரர் பேச்சை நிறுத்தவில்லை. அவர் உதடுகள் அசைவது தெரிந்தது. மேடைக்கு அருகில் இருந்த மைக் செட்டுக்கு மட்டும் குரல் கேட்டது. "ஆனா அதே தீர்ப்புல, நம்ம ஆளுங்க எண்ணின லட்சணத்தைப் பத்தியும் சொல்லியிருக்கு. அதையும் கொஞ்சம் கேட்டுக்கணும். நாமளும் வெக்கப்படணும்." விசில் பறந்தது. துண்டுகள் காற்றில் சுழன்றன. குமிழை மறுபடி ஏற்றியபோது தையல்காரர் நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். தலைவர் எழுந்து அவரைக் கட்டிப்பிடித்தார். அவர் என்ன சொன்னார் என்று, அதுவரை கூட்டத்துக்குக் கையாட்டிக்கொண்டிருந்த தலைவருக்கும் தெரியாது.

கூட்டம் கலைந்தது. நாற்காலிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வழக்கம்போலத் தையல்காரர் வந்து ஒயரின் ஒரு முனையை இடது கையால் எடுத்தார். மைக் செட் முழங்கையில் சுற்ற ஆரம்பித்தார்.

"முக்கியமானதைச் சொல்லும்போது அமுக்கிட்ட மச்சான்" என்றார் தையல்காரர் சிரித்துக்கொண்டே. "உயிரைக் கொடுத்து ஒரு உண்மையைச் சொன்னா, உன் குழாயில வரவே இல்ல. இன்னைக்கும் ஒயர் கழண்டுக்கிச்சா?"

ஆமாம் என்றால் போதும். இந்த ஒயர் எதையும் தாங்கும். ஊரே ஏற்கெனவே அதன் மேல் ஏற்றி வைத்திருக்கிறது. மைக் செட் சுற்றுவதை நிறுத்தினார்.

"ஒயர் கழலல" என்றார். "இன்னைக்கும் கழலல. அன்னைக்கும் கழலல."

தையல்காரருக்குப் புரியவில்லை. சிரிப்பு முகத்தில் பாதி இருந்தது.

"கத்தினாங்க. குறைச்சேன். பழக்கம் அது. ஆனா டிவி பக்கத்துலதான் இருந்துச்சு. மனு தள்ளுபடின்னு அவர் வாசிச்சது என் காதுல விழுந்துச்சு. எனக்கு மட்டும்தான் விழுந்துச்சு."

"முழுசாவா?"

"முழுசா."

"மைக்கு எங்க இருந்துச்சு?"

"கையில இருந்துச்சு."

தையல்காரர் ஒயரைத் தரையில் வைத்தார். போடவில்லை, வைத்தார். "அப்புறம் ஏன் சொல்லல?"

பேசுவது என் வேலை இல்லை என்று சொல்ல வந்தார். "பயந்துட்டேன். மேல ஏறி வந்து பெட்டியை உடைச்சிடுவாங்களோன்னு."

சற்றுத் தள்ளி, தங்கை பக்கத்து வீட்டு அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தாள். தையல்காரர் அவளைக் கூப்பிட்டார். அவள் வந்தாள், இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள்.

"உங்க அண்ணனுக்கு உன்கிட்ட ஒண்ணு சொல்லணுமாம்" என்றார். பிறகு மைக் செட்டின் பக்கம் திரும்பினார். "சொல்லுங்க."

வாழ்க்கையில் முதல்முறையாக மாப்பிள்ளை வாயிலிருந்து வந்த அந்த "ங்க", கன்னத்தில் விழுந்த மாதிரி இருந்தது. மைக் செட் சொன்னார். மறுபடியும் முதலிலிருந்து, எதையும் குறைக்காமல், கையில் இருந்த மைக்கையும் சேர்த்து. குரல் அவ்வளவு சின்னதாக இருந்தது. தங்கை இன்னும் ஓரடி நெருங்கி வந்து கேட்க வேண்டியிருந்தது.

அவள் முழுவதையும் கேட்டாள். மேடையோரம் கித்தான் போர்த்திப் பத்திரமாக வைத்திருந்த ஆம்ப்ளிஃபயரைப் பார்த்தாள். கணவரின் கட்டுப் போட்ட கையைப் பார்த்தாள்.

"அதுக்கு ஒண்ணும் ஆகலையே அண்ணா?" என்றாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் கேட்ட அதே கேள்வி. அன்றைக்குச் சொன்ன பதில் இன்றைக்கும் உண்மைதான்.

"நாளைக்கு ஸ்டேஷனுக்குப் போறேன். நடந்ததை நடந்தபடி சொல்லிடறேன்" என்றார்.

"போங்க" என்றார் தையல்காரர். அதில் கோபம் இருந்ததாகவும் சொல்ல முடியாது. "காலையில பித்தான் போட வர வேண்டாம். அவ போட்டுடுவா."

இருவரும் நடந்தார்கள். தையல்காரர் பழக்கத்தில் வலது கையை அவள் தோளில் வைக்கப் போய், நினைவு வந்து, இடப்பக்கம் மாறிக்கொண்டார். அவர்கள் தெருமுனை திரும்பும்வரை மைக் செட் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து ஒயரின் முனையை எடுத்தார். பிடிக்க ஆள் இல்லாமல் அது சுற்றச் சுற்ற முறுக்கிக்கொண்டது. முழுவதையும் உதறி நீளமாகத் தரையில் போட்டுவிட்டு, முதலிலிருந்து தனியாகச் சுற்ற ஆரம்பித்தார்.